இலைவாயா, இலைத்துளையா?

மொரீஷியஸ் பள்ளிகளில் அறிவியல் பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. தமிழ் தனிப் பாடமாக இன்னொரு வகுப்பில் வருகிறது. இலைப் பரப்பிலுள்ள நுண்ணிய திறப்புகளான ‘ஸ்டோமேட்டா’வுக்குத் தமிழில் என்ன என்று ஒரு மாணவி கேட்டால் இரண்டு ஆசிரியர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதுதான்.

கிரேக்கத்தில் ‘ஸ்டோமா’ என்றால் வாய். ஸ்டோமேட்டா அதன் பன்மை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதை இலைத்துளை என்கின்றன, இலங்கைப் பாடநூல்கள் இலைவாய் என்கின்றன. நான் இலைவாயின் பக்கம். கிரேக்கத்துக்கு நேராக அமைகிறது என்பது அதற்குச் சிறிய காரணம். அந்த உறுப்பு உருவாகும் விதமே பெரிய காரணம்.

இளம் இலையின் புறத்தோலில் ஒரு செல் சமமில்லாத இரண்டு பங்குகளாகப் பிரிகிறது. சிறிய பங்கு மேலும் ஓரிரு முறை அப்படியே பிரிந்து, உருண்டு திரண்டு, கடைசியில் சரிபாதியாகப் பிளக்கிறது. அந்த இரட்டையரே காப்புச் செல்கள். இலங்கை வழக்கில் காவற்கலங்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவர் விலகும்போது திறப்பு உண்டாகிறது. எதுவும் குடையப்படவில்லை, இரண்டு உதடுகள் பிரிந்திருக்கின்றன, அவ்வளவே. பொட்டாசியம் அயனிகள் உள்ளே புக, நீர் பின்தொடர, உதடுகள் புடைத்து வளைந்து வாய் திறக்கும். வறட்சியில் நீர் வெளியேற, மூடிக்கொள்ளும். கரியமில வாயு உள்ளே போவதும் ஆக்சிஜனும் நீராவியும் வெளியேறுவதும் பெரும்பாலும் இந்த வழியாகத்தான்.

கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் இந்தப் படிகளை முடுக்கும் மூன்று மரபணுக்களுக்கு 2006, 2007ஆம் ஆண்டுகளின் ஆய்வுகளில் வைத்த பெயர்கள் ஸ்பீச்லெஸ், மியூட், ஃபாமா. பேச்சிழந்தது, ஊமை, வதந்திக்கான ரோமானியத் தேவதை! முதல் இரண்டில் எது பழுதானாலும் இலையில் வாயே தோன்றாது; அதனால்தான் அந்தக் குறும்பு. இலைத்துளை என்று சொல்லிக்கொண்டு இந்தப் பெயர்களை விளக்கிப் பாருங்கள், நகைச்சுவை செத்துப்போகும்.

வாய்கள் ஒன்றையொன்று ஒட்டி அமைவதில்லை. இடையில் குறைந்தது ஒரு செல்லாவது இருக்கும்படி, வளரும் செல்கள் அண்டைச் செல்களுக்குப் புரதக் குறிப்புகளை அனுப்புகின்றன. ஒவ்வொரு வாய்க்கும் கீழே, இலையிடைத் திசுவில் ஒரு காற்றறை உண்டு.

மொரீஷியஸில் கிரியோல் பேசுவோர் ‘கரிபிலே’ என்று அழைக்கும் கறிவேப்பிலையில் காப்புச் செல்கள் அவரை விதை வடிவில் இருக்கும். கரும்பில் அப்படியில்லை. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழரும் வந்து வெட்டிய இந்தப் பயிர் புல்லினம். அதன் காப்புச் செல்கள் நடுவில் ஒடுங்கி இருமுனையும் பருத்தவை. பக்கத்துக்கு ஒரு துணைச் செல்லோடு, நரம்புக்கு இணையான வரிசைகளில் அவை பிறக்கின்றன. புல்லையும் மரத்தையும் பிரித்த தொல்காப்பியம் புல்லின் உறுப்பாகத் தோடு, மடல், ஓலை என்றே அடுக்குகிறது; அந்த வரிசையில் இலை இல்லை. கண்டிப்பாகப் பார்த்தால் கரும்புக்குத் ‘தோகைவாய்’ என்றல்லவா சொல்ல வேண்டும்? வேண்டாம், இலைவாயே போதும்.

வாய் என்றால் தின்பதல்லவா என்று மறுப்பவர்கள் உண்டு. குடத்துக்கும் புண்ணுக்கும் வாய் சொல்லும் மொழி இது. வீட்டு நுழைவே வாயில். மேலும் இலை கரியமில வாயுவைத்தானே உணவாக மாற்றுகிறது? அன்னாசி இரவில் வாய் திறந்து அதை வாங்கி வைத்துக்கொண்டு, பகலின் பெரும்பகுதி மூடியிருக்கும். இந்த நடத்தையை ஒரு துளையின் மேல் ஏற்றிச் சொல்ல முடியாது.

தண்டின் பட்டையில் உள்ள ‘லெண்டிசெல்’ என்ற திறப்பு வேறு. அதற்குக் காப்புச் செல்கள் இல்லை. வேண்டும்போது திறந்து மூடும் திறமும் இல்லை. அங்கே இலங்கையின் பட்டைவாயை விட்டுவிட்டுத் தமிழ்நாட்டின் பட்டைத்துளையை எடுத்துக்கொள்வேன்.