கருத்த காசு கருத்தே இருக்கட்டும்

தேய்த்துக் கெடுத்த நாணயம் எங்களிடம் வருவது இந்த மாதத்தில் இது நான்காவது முறை. போன செவ்வாய்க்கிழமை ஓர் அம்மா கைக்குட்டையை அவிழ்த்து மேசையில் ஒரு வெள்ளிக் காசை வைத்தார். கொச்சித் துறைமுகத்தில் வேலை பார்த்த அவருடைய மாமா விட்டுப்போனது. யூதர்களின் விளக்குப் பண்டிகையான ஹனுக்காவுக்காக இஸ்ரேல் 1990-இல் வெளியிட்ட 1 புதிய ஷெக்கல் நினைவு நாணயம், 30 மி.மீ. அகலம், 14.4 கிராம். அதில் கொச்சி யூதர்களின் ஹனுக்கா விளக்கு இருக்கிறது. மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் இன்னும் நிற்கிற ஊரின் விளக்கு. பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். லென்ஸை வைத்ததும் அது போய்விட்டது.

“பளபளன்னு இருக்கு பாருங்க சார். ரெண்டு நாள் விபூதி போட்டுத் தேய்ச்சேன்.”

கண்ணாடி போல இருந்திருக்க வேண்டிய பரப்பு முழுக்கத் தலைமுடி கனத்தில் கீறல்கள், எல்லாம் ஒரே திசையில். ஹீப்ரு எழுத்துகளின் குழிகளில் வெள்ளையாக விபூதி.

வெள்ளி கருக்கும், காற்று போதும். அந்தக் கருப்பு அழுக்கு அல்ல. பூஜையறைக் குத்துவிளக்கைத் தேய்க்கலாம். அது புழங்குகிற பொருள், தேயத் தேய அழகு. நாணயத்தில் விளக்கு இருக்கிறதே தவிர, நாணயம் விளக்கு அல்ல. அச்சிலிருந்து வந்த மேல்பரப்புக்குத்தான் சேகரிப்பவர் காசு கொடுக்கிறார். நீங்கள் புளி, பற்பொடி, பேஸ்ட் எதைப் போட்டுத் தேய்த்தாலும் கருப்போடு அந்தப் பரப்பும் போய்விடும். பிறகு மிஞ்சுவது உலோகத்தின் எடை. “லேசாத்தான் தேய்ச்சேன்” என்கிறார்கள். லேசான கீறல், பலமான கீறல் என்று லென்ஸுக்கு வித்தியாசம் தெரியாது. “பளபளப்பா இருந்தா விலை கூடுமே” என்று இன்னொருவர். கூடாது. பாத்திரக்கடைக் கணக்கை நாணயத்துக்குப் போடாதீர்கள்.

இஸ்ரேல் 1958-இல் ஹனுக்கா நாணயம் போடத் தொடங்கியது. 1970-களில் ரஷ்யா, பாபிலோன், டமாஸ்கஸ் என்று ஒவ்வொரு சமூகத்தின் விளக்காக வந்தது. எல்லாம் வெள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். முதல் காசு செம்பு நிக்கல். ‘ஏழு விளக்கு காசு’ என்றும் சொல்லாதீர்கள். ஏழு கிளை விளக்குக்குப் பெயர் மெனோரா, அது இஸ்ரேலின் அரசுச் சின்னம். ஹனுக்கா விளக்கில் எட்டுச் சுடர், ஏற்றுவதற்கு ஒன்று தனியாக.

இதில் எடையே முக்கியமான காசும் உண்டு. தலைச்சன் ஆண்பிள்ளையை மீட்கிற ‘பித்யோன் ஹபென்’ சடங்கில் ஐந்து வெள்ளிக் காசு கோகெனுக்கு, அதாவது யூத குருமார் வம்சத்தவருக்கு, கொடுக்க வேண்டும். அதற்கென்றே 1970-இல் 26 கிராமில், 900 தரத்தில் (ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி) 10 லிரா நாணயம் அடித்தார்கள்; லிரா அப்போதைய இஸ்ரேல் பணம். ஐந்துக்கும் சேர்த்து 117 கிராம் சுத்த வெள்ளி. சடங்குக்குக் கீறல் விழுந்தாலும் பரவாயில்லை. விற்க வந்தால் அங்கேயும் இதே கதைதான்.

ஆகவே: விளிம்பை மட்டும் பிடியுங்கள். கேப்சூலோடு (மூடிய பிளாஸ்டிக் கூடு) வந்திருந்தால் திறக்கவே திறக்காதீர்கள். பழைய பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் இருந்தால் மாற்றிவிடுங்கள். பச்சையாக, பிசுபிசுப்பாக ஏதாவது தெரிந்தால் நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொடாமல் எங்களிடம் கொண்டுவாருங்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், அதிலிருக்கும் கந்தகம் வெள்ளியைக் கருக்கவைக்கும். நகைக்கடையில் ‘டிப்’ போட்டு, அதாவது ரசாயனத்தில் முக்கி, கருப்பை எடுத்துத் தருகிறோம் என்பார்கள், தலையாட்டாதீர்கள். அடகுக்கடைக்காரர் உரைகல்லை எடுத்தால் காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அசலா போலியா என்று சந்தேகமென்றால் எடையும் விட்டமும் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் சொல்ல மனம் வரவில்லை. சரிசெய்ய முடியாது என்று மட்டும் சொன்னேன். கைக்குட்டையை மடித்தவர் நிறுத்தி, “இன்னொண்ணு இருக்கு சார், கொஞ்சம் பெருசு. ஒரே கருப்பு. வெள்ளிக்கிழமை தேய்க்கலாம்னு எடுத்து வெச்சிருக்கேன்” என்றார்.

“அப்படியே கொண்டுவாங்கம்மா. துடைக்கக்கூட வேண்டாம்.”