ஏஐ வகுப்புக்குப் பணம் கட்டும் முன்

மென்பொருள் துறையில் தரவு சார்ந்த பணியில் இருந்துகொண்டே, வார இறுதிகளில் வடசென்னையின் தண்டையார்பேட்டையில் ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கணினி அறிவியலும், தரவைப் பார்த்துக் கணினியே பழகிக்கொள்ளும் இயந்திரக் கற்றலும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். எந்த மடிக்கணினி வாங்குவது, முடிவில் சான்றிதழ் தருவார்களா என்பவையே கொருக்குப்பேட்டையிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் வரும் பெற்றோர் முதலில் கேட்கும் கேள்விகள். கடன் வாங்கியாவது பிள்ளையை ஏஐ (செயற்கை நுண்ணறிவு) வகுப்பு ஒன்றில் சேர்த்துவிட வேண்டும் என்ற அவர்களின் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த வயதில் முதலில் பழக வேண்டியது, இயந்திரம் சொல்லும் விடை எந்தத் தரவிலிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கம். அதற்கு மடிக்கணினி தேவையில்லை.

1961-ஆம் ஆண்டு டொனால்ட் மிக்கி என்ற பிரிட்டன் ஆய்வாளர், 304 தீப்பெட்டிகளையும் வண்ண மணிகளையும் மட்டுமே கொண்டு எக்ஸ்–ஓ ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளும் இயந்திரம் ஒன்றைச் செய்துகாட்டினார். அதையொட்டி 1962-இல் அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர், ஒன்பது கட்டங்களில் ஆளுக்கு மூன்று சதுரங்கச் சிப்பாய்களை வைத்து ஆடும் சிறிய ஆட்டத்தை வகுத்தார். அதற்கு 24 தீப்பெட்டிகள் போதும். என் வகுப்பு இதில்தான் தொடங்குகிறது. ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஆட்டத்தின் ஒரு நிலையை வரைந்து, அந்நிலையில் செய்யக்கூடிய ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு நிற மணியை உள்ளே போடுகிறோம். பெட்டிகளின் முறை வரும்போது, அப்போதைய நிலை வரைந்த பெட்டியிலிருந்து பார்க்காமல் ஒரு மணியை எடுத்து அந்த நிறத்துக்குரிய நகர்வைச் செய்ய வேண்டும். பெட்டி தோற்றால், கடைசியாக எடுத்த மணியைத் திரும்பப் போடக் கூடாது. ஆட்டங்கள் கூடக் கூட, தோல்விக்கு இட்டுச்செல்லும் மணிகள் குறைந்து, பெட்டிகளை வெல்வது கடினமாகிவிடுகிறது. "பெட்டிக்கு எப்படி சார் தெரியுது?" என்று கேட்கும் பிள்ளை, எஞ்சிய மணிகளை எண்ணிப் பார்த்ததும், அங்கே மாறியிருப்பது மணிகளின் கணக்கு மட்டுமே என்பதைத் தானே கண்டுகொள்கிறது.

இதைவிட முக்கியமான பாடம் அதற்குப் பிறகு வருகிறது. சுமாராக ஆடுபவரை எதிர்த்துப் பழகிய பெட்டிகளை, நன்றாக ஆடும் ஒருவரிடம் கொடுத்தால் அவை தோற்கின்றன. தவறான நகர்வுக்குத் தண்டனையே கிடைக்காதபோது, அந்த மணி பெட்டிக்குள்ளேயே இருந்துவிடுகிறது. யாரிடம் பழகியதோ அவருடைய குறை இயந்திரத்துக்குள்ளும் புகுந்துகொள்ளும் என்பதை, அடுத்துப் புகைப்படங்களைக் கையில் எடுக்கும்போது எந்தப் பிள்ளைக்கும் மறுபடி விளக்க வேண்டியிருப்பதில்லை.

படங்களை வகைபிரிக்க, கூகுள் 2017-இல் வெளியிட்ட டீச்சபிள் மெஷின் என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்துகிறோம். காசிமேட்டுப் பிள்ளைகள் சிலர் கவலை மீனையும் கானாங்கத்தையையும் பிரித்தறிய அதைப் பழக்கினார்கள். எது எந்த மீன் என்று ஒவ்வொரு படத்துக்கும் பெயர் சொன்னவர்கள், கரையில் மீன் விற்கும் அவர்களுடைய அம்மாக்கள். அந்த அறிவு இல்லாமல் இந்த வேலை ஓர் அடிகூட நகர்ந்திருக்காது. முதலில் ஏறக்குறைய எல்லா விடைகளும் சரியாக வந்தன. பிறகு ஒரு மாணவி கவலை மீனை ஐஸ்கட்டி மேல் வைத்துக் காட்டியதும், கருவி அதைக் கானாங்கத்தை என்றது. கானாங்கத்தையை ஐஸின் மேலும் கவலையை நீலக் கூடையிலும் வைத்தே எல்லாப் படங்களையும் எடுத்திருந்ததால், கருவி பழகியிருந்தது மீனை அல்ல, அதன் அடியில் இருந்ததை. சோதனைப் படங்களையும் அதே இடத்தில் எடுத்திருந்ததால் குறை முதலில் வெளிப்படவில்லை. சென்ற ஆண்டுக் கேள்வித்தாளை மனப்பாடம் செய்தவரிடம் அதே தாளைக் கொடுத்துத் தேர்வு நடத்துவது போன்றதுதான் இது. இரண்டு மீன்களையும் வெவ்வேறு தரையில், வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்துப் பழக்கி, வேறொரு சந்தையில் எடுத்த படங்களைச் சோதனைக்கென்றே ஒதுக்கி வைத்தபோதுதான், கருவிக்குக் கிடைத்த மதிப்பெண் நம்பத்தக்கதாயிற்று.

மனித முகங்களில் இதே குறை எவ்வளவு கொடியது என்பதை ஆய்வாளர்கள் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. முகத்தைப் பார்த்துப் பாலினம் சொல்லும் வணிகக் கருவிகள், வெள்ளை நிற ஆண்கள் விஷயத்தில் அதிகபட்சம் 0.8 சதவீதம் பிழை செய்ய, கருநிறப் பெண்கள் விஷயத்தில் 34.7 சதவீதம் வரை பிழை செய்தன. இதைச் சொல்லும்போது வகுப்பில் கவனம் கூடுகிறது, ஏனென்றால் இது அவர்களுடைய நிறம். இருந்தாலும் பயிற்சிக்காகப் பிள்ளைகளின் முகங்களைப் படமெடுத்துப் பதிவேற்றுவதை நான் அனுமதிப்பதில்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிறையாதவரைக் குழந்தையாகவே கருதி, பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது.

நிரல் எழுதுவதும் வேண்டும்தான். மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்தவர்கள் பிளஸ் 1-இல் சி++ மொழியையும் பிளஸ் 2-இல் பைத்தானையும் எப்படியும் படிப்பார்கள். அதற்கு முன்பே, ஒன்பதாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலில் வரும் இரு புள்ளிகளுக்கு இடையிலான தொலைவுச் சூத்திரத்தை வைத்து, மீனின் நீளத்தையும் எடையையும் வரைபடத்தாளில் குறித்து, புதிய மீனுக்கு மிக அருகில் இருக்கும் புள்ளி எந்த இனம் என்று கையாலேயே கண்டுபிடிக்கலாம்.

ஆகவே வகுப்பில் சேர்க்கும் முன் பெற்றோர் கேட்க வேண்டியவை வேறு. பிள்ளைகள் தாங்களே தரவு திரட்டுவார்களா? பழக்காத தரவில் சோதிப்பார்களா? விடை தவறும்போது காரணம் தேட நேரம் ஒதுக்கப்படுமா? என் பிள்ளையின் படமும் குரலும் எங்கே சேமிக்கப்படும்? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்காத இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம்.