வசனகர்த்தா அல்ல, திரைக்கதையாசிரியர்

‘மேங்க்’ படத்தைப் பற்றித் தமிழில் எந்த விமர்சனத்தைத் திறந்தாலும் அதே வரி: ‘பழைய ஹாலிவுட்டின் பிரபல வசனகர்த்தா ஹெர்மன் மேங்கவிட்ஸின் கதை.’ படம் வந்தது 2020-இல். இன்னும் விட்டபாடில்லை. அவர் வசனகர்த்தா அல்ல, திரைக்கதையாசிரியர். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பவர்களுக்காகத்தான் இது.

முதலில் மூலச்சொல். ‘ஸ்கிரீன் ப்ளே’ ஆரம்பத்தில் இரண்டு சொல், அதற்குப் பொருளும் வேறு. திரையில் ஓடும் படத்தையே அப்படிச் சொன்னார்கள். படத்துக்காக எழுதிய தாளுக்கு ‘சினாரியோ’ என்று பெயர். அது இத்தாலியச் சொல், வேர் கிரேக்கத்தில். நாடக மேடைக்குப் பின்னால் போடும் கூடாரத்தைக் குறித்தது. பேசும் படம் வந்த பிறகு 1930-களில் டைட்டில் அட்டைகளில் ‘ஸ்கிரீன் ப்ளே’ எழுத்து வேலைக்குப் பெயராக நிலைத்துவிட்டது. தமிழில் திரைக்கதை. ‘திரை’ நம் சொல். அலை, தோல் சுருக்கம், தொங்கும் துணி எல்லாம் அதற்குள் அடங்கும். ‘கதை’ வடமொழி, இருந்துவிட்டுப் போகட்டும். ‘ப்ளே’ என்பதைப் பிடித்துக்கொண்டு ‘திரைநாடகம்’ ஆக்காமல் விட்டார்களே, அதுவே பெரிய புண்ணியம்.

சரி, வசனம் என்றால் என்ன? பழைய தமிழில் உரைநடை. பாரதியின் ‘வசன கவிதை’யில் இருப்பது அந்த வசனம்தான். மேடையும் சினிமாவும்தான் அதைப் பாத்திரங்கள் பேசும் பேச்சு என்று சுருக்கின. ‘வசனகர்த்தா’வுக்கு நம் ஊரில் தனி மரியாதை வந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. 1952-இல் ‘பராசக்தி’ வந்தபோது கலைஞரின் வசனத்தைக் கேட்கவே கூட்டம் போனது. அந்த வசனம் இசைத்தட்டாகவும் புத்தகமாகவும் விற்றது. எழுதுகிறவர் என்றாலே வசனம் எழுதுகிறவர் என்று நமக்குப் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தை அப்படியே கலிபோர்னியாவுக்கு ஏற்றுமதி செய்வதில்தான் வம்பு.

மேங்கவிட்ஸ் பெயர் நிற்பது ‘சிட்டிசன் கேன்’ படத்தால். முந்தின வருடம் முறிந்த காலோடு 1940-இல் விக்டர்வில் என்ற பாலைவன ஊரில் படுத்தபடியே சொல்லச் சொல்ல, செயலாளர் எழுதிக்கொண்ட பிரதி அது. அதில் பெரிய விஷயம் வசனமா? ஒரு மனிதன் செத்துப்போகிறான். அவனைத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு துண்டு சொல்கிறார்கள், துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. அந்த அடுக்கு இருக்கிறதே, அதுதான் திரைக்கதை. ‘ரோஸ்பட்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது மேங்கவிட்ஸின் யோசனை என்று படத்தை இயக்கி கேனாக நடித்த ஆர்சன் வெல்ஸே சொல்லியிருக்கிறார். சாகும்போது கேன் அதைச் சொல்கிறான்; படம் முழுக்க ஒரு நிருபர் அதற்கு அர்த்தம் தேடி அலைகிறார். கடைசியில் வேண்டாத சாமான்களோடு ஒரு பனிச்சறுக்குப் பலகையை உலையில் எறிகிறார்கள். நெருப்பு பிடிக்கும்போது அதன் மேல் அந்த எழுத்துகள் தெரிகின்றன. எறிந்தவனுக்கும் தெரியாது, நிருபருக்கும் தெரியாது, நமக்கு மட்டும் தெரியும். யாரும் அதை வாய்விட்டு விளக்கவில்லை. வசனகர்த்தாவுக்கு அங்கே என்ன வேலை?

‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்திலும் ஆரம்பத்தில் கொஞ்ச நாள் வேலை பார்த்தார். டைட்டிலில் பெயர் வரவில்லை. கான்சாஸ் காட்சிகளில் நிறம் இருக்கக் கூடாது, மாய நாட்டில்தான் நிறம் வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர் அவர். இதையும் வசனக் கணக்கில்தான் எழுதுவார்களோ!

‘கதாசிரியர்’ என்று போடுகிறவர்களும் உண்டு. அதுவும் சரியில்லை. ஆஸ்கரில் அப்போது ‘கதை’க்கு ஒரு விருது, ‘திரைக்கதை’க்கு ஒரு விருது, ‘அசல் திரைக்கதை’க்கு ஒரு விருது என்று தனித்தனியாகவே கொடுத்தார்கள். 1941-ஆம் ஆண்டுப் படங்களில் ‘சிட்டிசன் கேன்’ ஒன்பது பரிந்துரை பெற்று வென்றது ஒன்றே ஒன்று, அசல் திரைக்கதை. மேங்கவிட்ஸும் வெல்ஸும் பங்கு போட்டுக்கொண்டது அதைத்தான். பெயரே போட வேண்டாம் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டுவிட்டு, பிறகு மனம் மாறி மல்லுக்கு நின்று டைட்டில் அட்டையில் இடம் வாங்கினார் மேங்கவிட்ஸ். நாம் போகிற போக்கில் வேறு வேலை கொடுத்துவிடுகிறோம்.

அப்புறம் ‘திரை எழுத்தாளர்’. இது மொழிபெயர்ப்பாளர்களின் புதுக் குழந்தை. ‘ரைட்டர்’ என்றால் எழுத்தாளர், ‘ஸ்கிரீன்’ என்றால் திரை, ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. ‘திரை எழுத்து’ என்று கேட்டால் என் கண்ணுக்கு வருவது திரையில் ஓடும் எழுத்து: பெயர்ப் பட்டியல், அடியில் வரும் சப்டைட்டில். வேடிக்கை என்னவென்றால், பேசாப்பட நாளில் பாரமவுன்ட் ஸ்டுடியோவில் மேங்கவிட்ஸ் செய்ததே அதைத்தான். காட்சிகளுக்கு நடுவே வரும் அட்டைகளுக்கு வாசகம் எழுதினார். அந்த இரண்டு மூன்று வருடத்துக்கு வேண்டுமானால் ‘திரை எழுத்தாளர்’ என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

குழப்பத்தில் ‘மேங்க்’ படத்துக்கும் பங்கு உண்டு. இயக்குநர் டேவிட் ஃபிஞ்சர் இழைத்து இழைத்துச் செய்திருக்கிறார். கருப்பு வெள்ளை, அந்தக் கால மோனோ ஒலி, ரீல் மாறுவதுபோல ஓரத்தில் ஒரு புள்ளி. ஒளிப்பதிவுக்கும் கலை இயக்கத்துக்கும் ஆஸ்கர் கிடைத்தது நியாயம். ஆனாலும் 131 நிமிடத்தில் எனக்கு வந்தது கொட்டாவி. மேங்கவிட்ஸாக நடிக்கும் கேரி ஓல்ட்மன் வாயைத் திறந்தால் சாதுர்யம், எதிரில் இருப்பவர் திறந்தாலும் சாதுர்யம். விருந்தில் பேசுகிறார், ஸ்டுடியோ வராந்தாவில் பேசுகிறார், போதையிலும் பேசுகிறார். ஒரு படத்தை எப்படி அடுக்குவது என்று அவர் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் மட்டும் தட்டுப்படவே இல்லை. திரைக்கதையாசிரியரை வெறும் பேச்சுக்காரராக்கிய படம், அதைப் பார்த்துவிட்டு ‘வசனகர்த்தா’ என்று எழுதினால் எழுதினவரை மட்டும் எப்படித் திட்டுவது? ஆனால் ஒவ்வொரு பழைய நினைவும் தொடங்கும்போது தட்டச்சு ஓசையோடு திரையில் ஒரு வரி விழுகிறது: உள்ளேயா வெளியேயா, எந்த இடம், பகலா இரவா, எந்த வருடம். திரைக்கதைப் பிரதியில் காட்சித் தலைப்பு அப்படித்தான் இருக்கும். விமர்சகர் அதையாவது கவனித்திருக்கலாம்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம்? ‘கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்’ என்று நான்கையும் தனித்தனியாகப் போட்ட ஊர் இது. பாக்யராஜுக்குத் ‘திரைக்கதை மன்னன்’ என்று பட்டம் கொடுத்த ஊர். இப்போது ‘எழுத்து – இயக்கம்’ என்று முடித்துவிடுகிறார்கள். அந்த எழுத்தில் கதை யாருடையது, அடுக்கியது யார் என்று கேட்கவே வழியில்லை.

‘திரைக்கதையாசிரியர்’ நீளம், சப்டைட்டிலில் இடம் போதாது என்று ஒரு சாக்கு வரும். ‘பாடலாசிரியர்’ என்று எழுதும்போது யாரும் மூச்சு வாங்கியதில்லை. இடம் இல்லையென்றால் ‘திரைக்கதை: மேங்கவிட்ஸ்’ என்று போடுங்கள், போதும்.