ஏற்காடு ஏறும் டர்போ காருக்கு எதற்கு இந்தக் கூம்பு ஃபில்டர்?

"மலை ஏறும்போது இழுவை இல்லை, செக் என்ஜின் லைட் எரியுது" என்று இன்னொரு டர்போ பெட்ரோல் கார் வந்து நிற்கிறது. பானெட்டைத் தூக்கினால் கம்பெனி ஃபில்டர் பெட்டியைக் காணோம். அங்கே சிவப்பு நிறத்தில், பெட்டியில்லாமல் திறந்தபடி ஒரு கூம்பு ஏர் ஃபில்டர். போதும், சாமி!

காற்று அதிகமாகப் போனால் பவர் கூடும் என்பது கார்புரேட்டர் காலத்துக் கணக்கு. டர்போ என்பது என்ஜின் புகையின் வேகத்தில் சுழன்று காற்றை உள்ளே அழுத்தித் தள்ளும் விசிறி. அந்த வண்டியில் எவ்வளவு காற்று என்பதை ஃபில்டர் முடிவு செய்வதில்லை, என்ஜினை ஆளும் கணினியான இசியு முடிவு செய்கிறது. காற்று என்ஜினுக்குள் நுழையும் மேனிஃபோல்டு குழாயில் இவ்வளவு பிரஷர் வேண்டும் என்று அதற்குள் ஓர் அளவு எழுதியிருக்கிறது. சென்சார் அந்த அளவைக் காட்டியதும் வேஸ்ட்கேட் என்ற கதவு திறக்கும், மிச்சப் புகை டர்போவின் டர்பைன் சக்கரத்தைத் தொடாமல் வெளியேறும். நல்ல நிலையில் உள்ள வண்டியில் ஃபில்டரையே கழற்றி வைத்தாலும் பிரஷர் அதே அளவில்தான் நிற்கும். கூடுவது 'புஸ்' சத்தம் மட்டும். அந்தச் சத்தத்தைத்தான் பவர் என்று நம்பிக் காசைக் கொட்டுகிறார்கள்.

சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500. மேலே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட 15 சதவீதம் போலக் குறைவு. அதை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்றியாக வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி மெதுவாகத்தான் போகும், பானெட்டுக்குள் அனல் தேங்கும். கம்பெனி பெட்டி முன்பக்கத்துக் குளிர்ந்த காற்றை எடுக்கும். திறந்த கூம்போ ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் அனலை உறிஞ்சும். காற்று சூடானால் நாக்கிங், அதாவது பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கும் தட்டல். அதைத் தவிர்க்க இசியு டைமிங்கை, அதாவது பிளக் பொறிவிடும் நேரத்தை, பின்னுக்கு இழுக்கும். இழுவை போனது இப்படித்தான்.

செக் என்ஜின் லைட்டுக்குக் காரணம் ஃபில்டரில் தடவும் எண்ணெயாக இருக்கலாம். உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரின் முடிபோன்ற கம்பியில் அது படிந்து, புழுதியும் ஒட்டினால், காற்றின் அளவைத் தப்பாகச் சொல்லும். அந்தக் கம்பியைத் துணியால் துடைக்காதீர்கள், அறுந்துவிடும். அதற்கென்றே உள்ள ஸ்ப்ரே போதும்.

ரீமேப், அதாவது இசியுவில் உள்ள அளவுகளையே மாற்றி எழுதுவது, வேறு விஷயம். அதில் டார்க் எனும் இழுவிசை உண்மையாகவே கூடும், மறுக்கவில்லை. ஆனால் கிளட்ச் தாங்குமா? பலரும் ஓட்டும் 7 ஸ்பீடு டிரை கிளட்ச் கியர்பாக்ஸ் ஒன்று தாங்கும் டார்க் வரம்பே 250 நியூட்டன் மீட்டர்தான். வாரன்டி போகும், இன்சூரன்சுக்குச் சொல்லாமல் செய்தால் கிளெய்மிலும் சிக்கல். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 அனுமதிக்காத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு, சிறைத் தண்டனையும் கிடைக்கலாம்.

செலவழிக்க ஆசையா? டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிளாம்ப் ஓரத்தில் விரலை வைத்துப் பாருங்கள். உள்ளே லேசான எண்ணெய்ப் பசை இருப்பது சகஜம். வெளியே ஈரமாகி, கறுப்பாகப் புழுதி அப்பியிருந்தால் பூஸ்ட், அதாவது டர்போ அழுத்திய காற்று, கசிகிறது, கிளாம்ப்பை மாற்றுங்கள். என்ஜின் ஆயில், மேனுவல் சொல்லும் கிரேடில், டப்பாவில் ஏபிஐ எஸ்பி (API SP) என்ற தரக் குறி உள்ளதாக இருக்கட்டும். ஸ்பார்க் பிளக் முனையின் இடைவெளியை அளந்து மாட்டச் சொல்லுங்கள். டாட் 4 (DOT 4) தர பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மலை இறங்கும்போது உயிரைக் காப்பது அதுதான்.

தயவுசெய்து நாலாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்து வளைவில் ஏறாதீர்கள். பெட்ரோல் நேரம் தப்பி எரிந்து பிஸ்டனே உடையலாம். ரெண்டாவதுக்கு இறக்குங்கள். ஏரிக்கரையில் நிறுத்தியதும், டர்போ ஆற ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டு அணையுங்கள்.

கூம்பு ஏற்கெனவே மாட்டியாகிவிட்டதா? பழைய பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். அதைத் திரும்ப மாட்டுவது அரை மணி நேர வேலை.