பவர் பிரஸ்ஸில் போகும் விரல்கள்: ‘கவனக்குறைவு’ என்று எழுதுவதற்கு முன்

கை அறுவை சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் எங்களுக்கு, காயத்தைப் பார்த்தவுடனேயே அது எந்த இயந்திரத்தில் ஏற்பட்டது என்பது பெரும்பாலும் புரிந்துவிடும். பெல்ட்டில் சிக்கிய கையில் தோல் கையுறைபோல் உரிந்திருக்கும். உலோகத் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பவர் பிரஸ் இறங்கிய கையிலோ இரண்டு மூன்று விரல்கள் ஒரே கோட்டில் நசுங்கித் துண்டாகியிருக்க, கிரீஸும் உலோகத் துகளும் எலும்புவரை ஏறியிருக்கும். அம்பத்தூர், திருமுடிவாக்கம் போன்ற இடங்களில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் சிறு பட்டறைகளில் இத்தகைய பிரஸ்கள்தான் நாள் முழுவதும் ஓடுகின்றன.

உடன் வரும் மேற்பார்வையாளர் அநேகமாகச் சொல்வது, “கவனமில்லாமல் கையை விட்டுவிட்டான்” என்பது. காயம்பட்டவர் சொல்வது, “டபுள் விழுந்துடுச்சு சார்” என்பது. இரண்டாவதுதான் இயந்திரத்தின் கதை. பழைய வகை பிரஸ்களில் ‘கீ கிளட்ச்’ என்ற இணைப்பு இருக்கும். பெடலை மிதித்ததும் அது, சுழன்றுகொண்டே இருக்கும் ஃப்ளைவீல் சக்கரத்துடன் பிணைந்து, ‘ராம்’ எனப்படும் மேலிருந்து இறங்கி அடிக்கும் பாகத்தை ஒரு முழுச் சுற்று கீழே இறக்கி மேலே ஏற்றிய பிறகே விடும், நடுவில் நிறுத்த வழியில்லை. கீயோ அதன் ஸ்பிரிங்கோ பிரேக்கோ தேய்ந்துபோனால், ஒருமுறை மிதித்ததற்கு இரண்டாவது முறையும் ராம் இறங்கும். அதுதான் ‘டபுள்’. அந்த நொடியில் ஆபரேட்டரின் கை, அடித்து முடித்த பீஸை எடுப்பதற்காக டைக்குள், அதாவது தகட்டை வைத்து அடிக்கும் அச்சுக்குள், இருக்கும். இருக்கத்தான் செய்யும், ஏனெனில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலையே அதுதான்.

இந்த வகை பிரஸ்ஸில் “சென்சார் மாட்டியிருக்கிறோம்” என்று சில உரிமையாளர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. கை குறுக்கே வந்ததை அந்தச் சென்சாரின் ஒளித்திரை, அதாவது ஒளிக்கற்றைகளின் வரிசை, கண்டுகொண்டாலும், இறங்கத் தொடங்கிய ராமை நிறுத்தும் கிளட்ச் இல்லாதபோது அதனால் பயனேதும் இல்லை. கீ கிளட்ச் பிரஸ்ஸுக்குத் தேவைப்படுவது, தகடு மட்டும் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு டையைச் சுற்றி அடைக்கும் நிலையான தடுப்பு. அல்லது காற்றழுத்தத்தில் இயங்கி நடுவழியில் நிற்கக்கூடிய நியூமாட்டிக் கிளட்ச்சுக்கு மாறிவிட வேண்டும். இரு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால் மட்டுமே இயங்கும் பொத்தான்கள் நல்ல ஏற்பாடுதான். ஆனால் டபுள் விழுவதை அவையும் தடுக்காது. போதாக்குறைக்கு, ஷிப்டுக்கு இத்தனை பீஸ் என்ற கணக்கை எட்டுவதற்காக ஒரு பொத்தானை டேப் ஒட்டி அழுத்தியபடியே வைத்துவிடுவார்கள். அதைத் தொழிலாளியே ஒட்டியிருந்தாலும், அது மேற்பார்வையாளரின் கண்ணில் படாமல் பல மாதங்கள் இருந்தது என்பதை என்னால் நம்ப முடிவதில்லை.

இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்கு உறுதியான தடுப்பு அமைப்பது உரிமையாளரின் கடமை என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே தன் 21-ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்ட அட்டவணை, கட்டை விரல் முழுவதும் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரலுக்கு 14 சதவீதம் என்று உழைப்புத்திறன் இழப்பைக் கணக்கிட்டது. கையின் செயல்பாட்டில் சுமார் 40 சதவீதம் கட்டை விரலைச் சார்ந்தது என்பது எங்கள் துறையின் மதிப்பீடு. பிடிமானமே தொழிலாக உள்ள ஒருவருக்கு இரண்டு கணக்குமே குறைவுதான்.

மருத்துவமனைக்கு வந்தபின் நடக்கும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். என்று நாங்கள் சொல்வதில், “வீட்டுக் கதவில் நசுங்கியது” என்று எழுதச் சொல்லி அழைத்து வந்தவர்கள் வற்புறுத்துவதுண்டு. வீட்டுக் கதவில் கிரீஸ் இருக்காது. காயம்பட்டவர் மயக்க நிலையில் இல்லையென்றால், எங்கே, எந்த இயந்திரத்தில், எத்தனை மணிக்கு என்பதை அவர் வாயாலேயே சொல்லட்டும். பின்னால் இழப்பீடு கேட்கும்போது முதலில் புரட்டிப் பார்க்கப்படுவது அந்த வரிதான். “கான்ட்ராக்டர் ஆள்” என்பதும் ஒரு விடையல்ல, ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சந்தா செலுத்தும் பொறுப்பு முதன்மை உரிமையாளருடையதே, அதாவது யாருடைய ஆலையில் வேலை நடக்கிறதோ அவருடையதே. வேலையில் ஏற்பட்ட காயத்துக்கான இ.எஸ்.ஐ. பயனைப் பெற, இத்தனை நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது.

விரல் துண்டானால், அதைத் தேடி எடுத்துச் சுத்தமான நீரில் அலசி, ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் இட்டு இறுக மூடி, அந்தப் பையை ஐஸ் கலந்த நீரில் வைத்துக் கொண்டுவர வேண்டும். நேரடியாக ஐஸ் கட்டிமேல் வைத்தால் திசு உறைந்து கெட்டுவிடும். குளிரில் வைத்த விரலை ஒரு நாள் வரைகூட இணைக்க முயலலாம். தசைப்பகுதி உள்ள மணிக்கட்டோ முன்கையோ துண்டானால் ஏறத்தாழ ஆறு மணி நேரமே அவகாசம். மோதிரம் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள், மஞ்சள் தூளோ காப்பித் தூளோ காயத்தில் அப்பாதீர்கள். ஏ.ஆர். நகலை, அழைத்து வந்த நிறுவனத்தாரிடம் விட்டுவிடாமல், குடும்பத்தினரே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.