மிருகசாலைக்கு எதற்கு ‘உயிரியல்’?

திருவனந்தபுரம் மிருகசாலையைப் பற்றித் தமிழில் அச்சிட்ட ஒரு பயணக் கையேட்டில் ‘உயிரியல் பூங்காவின் காப்பகத்தில் பழைய பதிவேடுகள் உள்ளன’ என்று போட்டிருக்கிறார்கள். கேரள எல்லையோரத்துப் பாறசாலைக்காரனுக்கோ களியக்காவிளைக்காரனுக்கோ இதில் என்ன புரியும்? பூங்காவுக்குள் அடிபட்ட குரங்குகளை வைத்துப் பார்க்கிற இடம் ஒன்று இருக்கிறது போல என்றுதான் நினைப்பான். சொல்ல வந்தது ஆவணக் காப்பகம். ‘ஆவணம்’ போய்விட்டால் மிச்சமிருக்கும் ‘காப்பகம்’ குழந்தைகளுக்கும் ஆகும், பெரியாறு புலிகளுக்கும் ஆகும். ‘மிருகசாலையின் பழைய ஆவணங்கள்’ என்று எழுதியிருந்தால் போதும்.

காப்பகத்தையாவது கைத்தவறு என்று விட்டுவிடலாம். ‘உயிரியல் பூங்கா’ தெரிந்தே செய்வது.

‘ஜூ’ ஒரு நறுக்குச் சொல். 1828இல் லண்டனில் திறந்த ‘சுவாலஜிகல் கார்டன்ஸ்’ என்ற நீளப் பெயரை ஜனங்கள் வெட்டிக்கொண்டார்கள். மூலம் கிரேக்கம்; விலங்கு என்று பொருள். சுவாலஜிக்குத் தமிழ் விலங்கியல். பயாலஜிக்குத்தான் உயிரியல். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த வேறுபாடு பெயர்ப்பலகை எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? உதகையில் இருப்பதைத் தாவரவியல் பூங்கா என்று சரியாகத்தானே சொல்கிறோம்? உயிரியல் என்றால் தாவரமும் அதற்குள் அடக்கம். அந்தக் கணக்கில் உதகையையும் உயிரியல் பூங்கா எனலாம், புலி இல்லையே என்று யாரும் கேட்கக் கூடாது.

சரி, விலங்கியல் பூங்கா என்று திருத்தினால்? பிழை போகும், சொல்லில் உயிர் வராது. விலங்கியல் படிக்கவா ஜனங்கள் போகிறார்கள்? பார்க்கப் போகிறார்கள். திருவனந்தபுரத்தில் முதலில் வந்தது மியூசியம், 1857இல். மிருகசாலை 1859இல், அதே வளாகத்தில். இன்றும் இரண்டுக்கும் ஒரே துறை. 1956 வரை குமரிக்காரர்களான எங்களுக்கும் திருவனந்தபுரம்தானே தலைநகரம். குமரி மாவட்டத்தில் ‘மியூசியம் பார்க்கப் போனோம்’ என்றால் சிங்கம் பார்த்ததும் சேர்த்திதான். மலையாளிகளின் பழைய சொல் ‘காழ்ச்சபங்களாவு’. காழ்ச்ச என்பது நம் காட்சியேதான். சென்னையிலும் இதே கதை. மியூசியத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர் 1855இல் அதன் வளாகத்துக்குள்ளேதான் விலங்குகளை வைத்தார். ஜனங்கள் அதை ‘உயிர் காலேஜ்’ என்றும் மியூசியத்தை ‘செத்த காலேஜ்’ என்றும் பிரித்துச் சொன்னார்கள். எந்தச் சொல்லாக்கக் குழுவுக்கும் இப்படி ஒரு சோடி வாய்த்ததில்லை.

ஆகவே ‘விலங்குக் காட்சிசாலை’ என்பேன். பக்கத்திலேயே அருங்காட்சியகம் நிற்கும்போது இரண்டையும் ‘காட்சி’ இணைக்கிறது. ‘மிருகக்காட்சிசாலை’ என்றாலும் சண்டைக்கு வரமாட்டேன். மிருகம் வடசொல் என்பவர்கள் ‘சாலை’யையும் விசாரிக்க வேண்டிவரும். தெலுங்கர்கள் ‘ஜந்து பிரதர்சனசாலா’ என்கிறார்கள். நம் காதுக்கு ஜந்து கொஞ்சம் வசவாகக் கேட்கும், ஆனால் பிரதர்சனம் என்பதும் காட்சிதான்.

‘காட்சி’ விலங்கை இழிவுபடுத்துகிறதாம், இப்போது பாதுகாப்புதான் நோக்கமாம். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ‘ஜூ’வுக்கு வரையறை சொல்லும்போது, பொதுமக்களுக்குக் காட்சிக்காக விலங்குகளை அடைத்து வைத்திருக்கும் இடம் என்பதையே முதலில் சொல்கிறது. கூண்டு அப்படியே இருக்க, பெயரை மட்டும் பூங்கா ஆக்கினால் புலிக்கு என்ன லாபம்? பூங்கா என்றால் பூக்கள் நிறைந்த சோலை. வாடையை நுகர்ந்தவர்கள் சொல்லட்டும்.

‘உயிரியல் பூங்கா’ வண்டலூரில் இருப்பதற்கு அரசு வைத்த பெயர். பெயர்ச்சொல்லாக அங்கேயே இருக்கட்டும். அதைப் பொதுச்சொல்லாக்கி, 1859இல் திருவனந்தபுரத்தில் ‘உயிரியல் பூங்கா’ தொடங்கியது என்று எழுதுவதைத்தான் மொழிபெயர்ப்பாளர்கள் நிறுத்த வேண்டும்.