ஸ்கேன் எடுக்கும்போது ஆக்சிஜன் ஏன் இறங்குகிறது?

மெல்பர்னில் இருக்கும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அம்மாவுக்கு நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்கலாம் என்று ஸ்கேன் எடுத்தார்கள். வாயில் குழாயை வைத்து ஏதோ கதிரியக்கப் புகையை இழுக்கச் சொன்னார்கள். குழாயை எடுத்த பிறகு விரலில் மாட்டியிருந்த மீட்டரில் 95 என்று இருந்தது 88க்கு இறங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் தானாகவே ஏறியும் விட்டது. கதிரியக்கம் ஆக்சிஜனைக் குறைக்குமா?"

குறைக்காது. இறக்கியது, அந்தப் புகையைச் சுமந்து வந்த ஆர்கான் வாயு.

இந்த ஸ்கேனில் இரண்டு படங்கள் உண்டு. நுரையீரலில் காற்று எங்கெல்லாம் போகிறது என்பது ஒன்று, ரத்தம் எங்கெல்லாம் போகிறது என்பது இன்னொன்று. காற்று போயும் ரத்தம் போகாத இடம் இருந்தால், அங்கே ரத்தக்கட்டி அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். பொதுவாக இரண்டு படத்துக்குமே பயன்படும் கதிரியக்கப் பொருள் டெக்னீசியம்-99எம்தான். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 6 மணி நேரம்; ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். மொத்தக் கதிர்வீச்சு சுமார் 2 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் ஒரு வருடத்தில் நமக்கு இயற்கையாகவே வருவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். "ஸ்கேன் எடுத்தவர் பக்கத்தில் ஒரு மாதம் போகாதே" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி, ஸ்கேனே வேண்டாம் என்று சொல்பவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. உயிரை எடுப்பது கண்டுபிடிக்காமல் விட்ட கட்டி.

அம்மா இழுத்த புகை, டெக்னிகாஸ் என்பதாக இருக்க வேண்டும். 1980களில் கான்பெராவில் பில் பர்ச் என்ற விஞ்ஞானி உருவாக்கியது. கிராஃபைட் என்ற கரியால் ஆன ஒரு சிறிய கிண்ணத்தில் டெக்னீசியம் கரைசலை விட்டு உலர்த்தி, சில நொடிகள் ஏறக்குறைய 2,750 டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள். கரியால் போர்த்திய மிக நுண்ணிய துகள்கள் புகையாக எழுகின்றன. அந்தச் சூட்டில் காற்று பட்டால் கிராஃபைட் எரிந்துவிடும். அதனால் சூடாக்கும் பெட்டிக்குள் முழுக்க ஆர்கான். நோயாளிக்காக அதில் கொஞ்சம் ஆக்சிஜன் கலந்து வைக்கலாமே என்றால் அதுவும் முடியாது. சிறிதளவு ஆக்சிஜன் கலந்தாலே உண்டாகும் பொருள் வேறாகிவிடுகிறது. அது நுரையீரலில் தங்காமல் ரத்தத்துக்குள் போய்விடும், படம் கெட்டுவிடும். ஆக, குழாயில் வரும் மூச்சில் ஆக்சிஜன் அறவே கிடையாது.

சரி, இரண்டு மூன்று மூச்சுதானே? அரை நிமிடம் மூச்சை அடக்கினால்கூட நமக்கு ஒன்றும் ஆவதில்லையே?

இங்கேதான் விஷயம் அழகாகிறது. சாதாரணமாக மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் சுமார் இரண்டரை லிட்டர் காற்று இருக்கும். அதில் ஆக்சிஜன் 14 சதவீதம், அதாவது 350 மில்லி. உடம்பு நிமிடத்துக்கு 250 மில்லி செலவழிக்கிறது. அரை நிமிடம் அடக்கினால் 125 மில்லி போகும், அவ்வளவுதான். ஆர்கானை இழுக்கும்போது கணக்கே வேறு. இரண்டு லிட்டர் ஆர்கான் உள்ளே வந்து கலந்தால் 14 சதவீதம் 8 ஆகிவிடும். அந்த இரண்டு லிட்டரை வெளியே விடும்போது, உள்ளே இருந்த ஆக்சிஜனில் ஏறக்குறைய 150 மில்லியும் கூடவே போய்விடுகிறது. ஒரே மூச்சில், அரை நிமிடச் செலவைவிட அதிகம்! இரண்டாவது மூச்சும் அதே ஆழத்தில் இழுத்தால் சுமார் 4 சதவீதம்தான் மிஞ்சும். அது உடம்பைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் சிரை ரத்தத்தில் உள்ள அழுத்தத்தைவிடக் குறைவு. அப்போது ஆக்சிஜன் ரத்தத்திலிருந்து நுரையீரலுக்குள் பின்னோக்கிப் பாயத் தொடங்கும். மூச்சை அடக்குவதில் இந்தத் திருப்பம் நடப்பதே இல்லை.

இதையும் மீறிப் பலருக்கு மீட்டர் அதிகம் அசையாமல் இருப்பதற்குக் காரணம், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின். நுரையீரலில் ஆக்சிஜன் அழுத்தம் 100 மி.மீ. பாதரசத்திலிருந்து 60க்கு விழுந்தாலும், ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் நிரம்பியிருக்கும் அளவு, அதாவது மீட்டர் காட்டும் எண், 97 சதவீதத்திலிருந்து 90க்குத்தான் இறங்குகிறது. 60லிருந்து 40க்கு விழுந்தால் 75. இது மொட்டைமாடி மாதிரி: மேலே நடக்கும் வரை உயரம் தெரியாது, விளிம்பைத் தாண்டினால்தான் தெரியும். நுரையீரல் நன்றாக இருப்பவர் மாடியின் நடுவில் நிற்கிறார். கட்டி அடைத்தவரோ, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவரோ விளிம்பை ஒட்டியே நிற்கிறார்.

குழாயை எடுத்த பிறகு எண் ஏன் இறங்கியது? ஆக்சிஜன் குறைந்த ரத்தம் நுரையீரலை விட்டு இதயம் வழியாக விரல் நுனிக்கு வந்து சேர ஏறத்தாழ இருபது நொடி ஆகும். மீட்டரும் சில நொடிகளின் சராசரியைத்தான் காட்டும். திரையில் 88 தெரியும்போது அம்மா நல்ல காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்தார், நுரையீரலும் பெரும்பாலும் நிரம்பியிருக்கும்.

இதைத் தவிர்க்க வழி உண்டு. முன்பே சில நிமிடம் ஆக்சிஜன் கொடுத்தால் நுரையீரலில் உள்ள நைட்ரஜனின் இடத்தை ஆக்சிஜன் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஆர்கான் வந்து பாதியைக் கொண்டுபோனாலும் மிச்சம் தாராளம். அமெரிக்காவில் 2023ல் டெக்னிகாஸுக்கு அனுமதி கொடுத்தபோது, ஆக்சிஜன் இறங்கும் என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே கொடுத்தார்கள்.

மீட்டரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கருமையான தோலில் அது உண்மையைவிட அதிகமாகக் காட்டக்கூடும். 2020ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மீட்டர் கவனிக்கத் தவறிய ஆக்சிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. நம் தோல் நிறங்களில் இதை அளந்து பார்க்க அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். கொரோனாவில் எத்தனை வீடுகளில் இந்த ஒரு எண்ணை நம்பி முடிவெடுத்தோம்!

இரண்டாவது படத்துக்கு, அதாவது ரத்தம் போவதைக் காட்டும் படத்துக்கு, போடும் ஊசியைப் பற்றியும் பயம் வேண்டாம். அதில் இருப்பவை ஆல்புமின் புரதத் துகள்கள். பெரும்பாலும் 10 முதல் 90 மைக்ரான் அளவு என்பதால், நுரையீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்களில் போய்ச் சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்குவதால்தான் படமே கிடைக்கிறது. சில லட்சம் துகள்கள்தான் போடுகிறார்கள், குழாய்களோ கோடிக்கணக்கில். ஆயிரத்தில் ஒன்றுகூட அடைபடாது, துகள்களும் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். நுரையீரல் ரத்த அழுத்தம் மிக அதிகமாக இருப்பவர்களுக்கும் இதயத்தில் ஓட்டை உள்ளவர்களுக்கும் துகள்களின் எண்ணிக்கையைக் குறைத்துப் போடுவார்கள். அம்மாவுக்கு அப்படி ஏதாவது இருந்தால், அடுத்த முறை ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.